மாவுப்பூச்சியை வென்ற சிறு குளவி

பல்கலைக்கழகங்களில் நடைபெறும் ஆராய்ச்சியால் கிராமத்துக்கு என்ன பயன் என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் சிலர் கேட்பதுண்டு. அக்கேள்வியில் தவறேதும் இல்லை. மக்கள் செலுத்தும் வரியில் ஒரு பகுதி ஆராய்ச்சிசாலைகளுக்குச் செல்கிறது. அங்கே ஒருவர் நுண்ணோக்கியின் கீழ் ஒரு பூச்சியை வைத்து, அதன் உடலில் உள்ள துளைகள் எங்கெங்கே அமைந்துள்ளன என்று குறித்துக்கொண்டிருக்கிறார். இங்கே கிராமத்திலோ சாலை பழுதாகிக் கிடக்கிறது. குடிதண்ணீர்க் குழாயில் நீர் வரவில்லை. இந்த நிலையில் துளைகளைக் குறிப்பதற்குப் பணம் எதற்கு என்று கேட்பது இயல்பே.

இதற்குப் பொதுப்படையாக விடை கூறுவதைவிட, நம் கண்முன்னே நடந்த ஒரு நிகழ்ச்சியை விளக்குவது மேல். 2008-ஆம் ஆண்டு முதல் 2011 வரை கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் பகுதிகளில் பப்பாளியோ மல்பெரியோ மரவள்ளியோ பயிரிட்டவர்கள் அதை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

வெள்ளை படிந்த தோட்டங்கள்

2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களின்மீது அதுவரை இந்நாட்டில் காணாத ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. இலையின் அடிப்புறம், காம்பு, தண்டு, காய் ஆகிய எல்லா உறுப்புகளிலும் பஞ்சை அப்பியது போல் வெள்ளை படிந்தது. தாக்குண்ட இலைகள் மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்தன. காய்கள் பருக்காமல் நின்றன. பூச்சி கழிக்கும் இனிப்பு நீர் கீழே உள்ள இலைகளில் ஒழுக, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, மரம் கரி பூசியது போலாயிற்று. அந்த இனிப்பை நாடி எறும்புகள் சாரை சாரையாக ஏறின.

பப்பாளியோடு இது நின்றிருந்தால் நஷ்டம் சிலரோடு போயிருக்கும். ஆனால் இப்பூச்சிக்கு அறுபதுக்கும் மேற்பட்ட தாவரங்கள் உணவாகும். மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, காட்டாமணக்கு, செம்பருத்தி என்று அது தாவிச் சென்றது. சாலையோரத்துப் பார்த்தீனியமும் துத்தியும் அதற்கு நாற்றங்கால்களாக அமைந்தன. ஒரு குடியானவர் தம் தோட்டத்தை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும், வேலிக்கு வெளியே இருந்த களைச்செடியிலிருந்து காற்றில் மிதந்து குஞ்சுப்பூச்சிகள் வந்து சேர்ந்தன.

மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் பட்டுப்புழு வளர்ப்போர். பப்பாளித் தோட்டக்காரர் மருந்தாவது அடித்துப் பார்க்கலாம். மல்பெரி இலையை மறுநாளே புழுவுக்குப் போட வேண்டியவர் என்ன செய்வார்? மருந்து அடித்தால் பட்டுப்புழு சாகும். அடிக்காவிட்டால் இலையே இராது. மல்பெரிச் செடிகளை வேரோடு பிடுங்கி எறிந்து வேறு பயிருக்கு மாறியவர்கள் உண்டு. மல்பெரித் தோட்டம் பல ஆண்டுகள் நின்று பலன் தருவது. அதைப் பிடுங்குவதென்றால் வீட்டில் நின்ற கறவைமாட்டை அடிமாட்டுக்கு அனுப்புவதற்கு ஒப்பான முடிவு.

மருந்து ஏன் தோற்றது? இப்பூச்சியின் பெண் ஒன்று நூறு முதல் அறுநூறு வரை முட்டையிடும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது. ஒரு பெண் முந்நூறு முட்டையிட்டு, அவற்றில் பத்தில் ஒன்றே பிழைத்து, பிழைத்தவற்றில் பாதியே பெண் என்று கணக்கிட்டாலும், அடுத்த மாதம் பதினைந்து தாய்கள் உண்டு. அதற்கடுத்த மாதம் 225. மூன்றாம் மாதம் மூவாயிரத்தைத் தாண்டும். முட்டைகள் பஞ்சுப் பையினுள் பத்திரமாக இருக்கின்றன. வளர்ந்த பூச்சியின் உடல்மீதோ மெழுகுமாவு போர்த்தியிருக்கிறது. தெளிக்கும் மருந்து இந்த மெழுகின்மேல் உருண்டு ஓடிவிடுகிறது. இலையின் அடிப்புறத்தில் மருந்து சரியாகப் படிவதும் இல்லை. இன்று நூற்றுக்குத் தொண்ணூறு பூச்சிகளைக் கொன்றாலும், முட்டைப் பைகளிலிருந்து வரும் குஞ்சுகள் இரண்டு வாரங்களில் இடத்தை நிரப்பிவிடும். ஆகவே மீண்டும் மருந்து, மீண்டும் செலவு.

இதற்கிடையில் மருந்து வேறொரு கேடும் செய்தது. மாவுப்பூச்சியைத் தின்னும் உயிர்கள் நம் ஊரிலேயே சில உண்டு. 1898-இல் காபிச் செடியின் பூச்சிகளுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பொறிவண்டு அவற்றுள் ஒன்று. மற்றொன்று ஸ்பால்ஜிஸ் என்ற சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு. இதன் கூட்டுப்புழு குரங்கின் முகத்தை அப்படியே ஒத்திருக்கும், காண்பவர் வியப்பர். மருந்து அடிக்க அடிக்க இவையும் மாண்டன. மாவுப்பூச்சி மிஞ்சியது.

துளைகளைக் குறித்தவர்கள்

இங்கேதான் நுண்ணோக்கிக்காரர் கதைக்குள் வருகிறார்.

மாவுப்பூச்சி என்பது ஒரே இனமன்று. வெண்மாவு போர்த்த பூச்சிகள் பல நூறு இனங்கள் உண்டு. வெறுங்கண்ணுக்கு அவை ஒன்றுபோலவே தோன்றும். அமெரிக்காவின் வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் முனியப்பனும் அவருடன் உழைத்தவர்களும் 2008-இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் தோன்றியிருந்த இப்பூச்சி 'பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ்' என்ற இனமென்று உறுதிப்படுத்தியது. இனத்தைப் பிரித்தறிய உதவியவை, பூச்சியின் முதுகில் ஓரப்பகுதியில் மட்டும் அமைந்துள்ள சில நுண்குழாய்த் துளைகளும், பின்னங்காலில் சில துளைகள் இல்லாமையுமே. சாராயத்தில் இட்டால் இப்பூச்சி நீலக்கறுப்பாக மாறுவதும் ஓர் அடையாளம்.

இந்தப் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. மெக்சிகோ நாட்டில் இப்பூச்சியை 1955-இல் சேகரித்து வைத்தார்கள். அதற்கு வில்லியம்ஸ், கிரானாரா டி வில்லிங்க் என்ற இருவர் பெயரிட்டு வருணித்தது 1992-இல். முப்பத்தேழு ஆண்டுகள் அது பெயரின்றியே இருந்தது. அந்த இருவரும் அன்று அப்பணியைச் செய்தபோது, அவர்கள் ஊரிலும் யாராவது இதனால் என்ன பயன் என்று கேட்டிருக்கக்கூடும். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் கோயம்புத்தூர்த் தோட்டத்தில் அதன் பயன் தெரிந்தது.

பெயர் தெரிந்தால் பூச்சியின் பிறந்தகம் தெரியும். பிறந்தகம் தெரிந்தால் அங்கே அதை அடக்கி வைத்திருக்கும் பகைவன் யார் என்று தேட முடியும். மெக்சிகோவில் இப்பூச்சி பெரிய தொல்லையாக இருந்ததில்லை. அங்கே அதன் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு வளரும் நுண்ணிய குளவிகள் உண்டு. கடல்கடந்து வரும்போது பூச்சி மட்டும் செடியோடும் கனியோடும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது; பகைவன் பின்தங்கிவிடுகிறான். வந்த நாட்டில் அது கட்டவிழ்த்த காளையாகத் திரிவதற்கு இதுவே காரணம்.

பெயரைத் தவறாக அறிந்தால் நேரும் காலவிரயத்துக்கு ஆப்பிரிக்கா சான்று. 1973-இல் காங்கோ ஆற்றுப் பகுதியில் மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி தாக்கியது. பின்னர் அது கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. ஆப்பிரிக்காவில் சுமார் 20 கோடி மக்களுக்கு மரவள்ளியே அன்றாட உணவு. ஆதலால் அங்கே அது பஞ்சத்தைக் குறிக்கும் செய்தியாயிற்று. மரவள்ளியின் பிறந்தகமான தென் அமெரிக்காவில் பூச்சியின் பகைவனைத் தேடப் புறப்பட்டனர். அக்கண்டத்தின் வடபகுதியில் ஒத்த தோற்றமுடைய பூச்சி கிடைத்தது. அதன் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்தும் பார்த்தனர். அவை ஆப்பிரிக்கப் பூச்சியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஏனெனில் அது வேறோர் இனம். இறுதியில் 1981-இல் பராகுவே நாட்டில் பெல்லோட்டி என்ற அறிஞர் சரியான இனத்தைக் கண்டார். அங்கிருந்து 'அனகைரஸ் லோபெசி' என்ற சிறு குளவி, பிரிட்டனில் காப்புச்சோதனை முடித்து, நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தை அடைந்து, அதே ஆண்டில் வயலில் விடப்பட்டது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது பூச்சியை அடக்கியது. விமானத்திலிருந்தும் குளவிகளை விட்டார்கள். இப்பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெர்ரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். இக்குளவியைப் பிறகும் ஒருமுறை சந்திப்போம்.

போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த விருந்தாளி

பப்பாளி மாவுப்பூச்சியின் பொருட்டு நமக்கு இத்தனை அலைச்சல் தேவைப்படவில்லை. கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவின் புளோரிடாவிலும் 1990-களிலேயே அது தொல்லை கொடுத்திருந்தது. ஆதலால் மெக்சிகோவிலிருந்து எடுத்த குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோ தீவில் அமெரிக்க வேளாண்மைத் துறையினர் வளர்த்து வைத்திருந்தனர். கேட்ட நாடுகளுக்கு அவை வழங்கப்பட்டு வந்தன. 2010 ஜூலையில் மூன்று வகைக் குளவிகள் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தன.

வந்தவற்றை உடனே வெளியே விட்டுவிடவில்லை. இது கவனிக்கத்தக்கது. பூச்சியைத் தின்ன வந்த உயிர், அது தீர்ந்தபின் நம் பயிரைத் தின்னாதா என்று எந்தக் கிராம சபையிலும் ஒருவர் எழுந்து கேட்பார், கேட்கவும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1935-இல் கரும்பு வண்டைத் தின்பதற்கென்று ஒரு பெருந்தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது வண்டை ஒழிக்கவில்லை. கண்டதையெல்லாம் தின்று, தானே அந்நாட்டுக்குத் தீராத தொல்லையாகிவிட்டது. எதையும் தின்னும் உயிரைக் கொண்டுவருவது ஆராய்ச்சியன்று, சூதாட்டம். ஒட்டுண்ணிக் குளவியின் நிலை வேறு. அதன் குஞ்சு மாவுப்பூச்சியின் உடலுக்குள்தான் வளர முடியும். இலையைக் கடிக்க அதற்கு வாயில்லை. இருந்தும், மூடிய அறையில் வைத்து, பிற பூச்சிகளை அது தாக்குகிறதா, பட்டுப்புழு போன்ற நன்மை தரும் உயிர்களுக்கு ஊறு உண்டா என்றெல்லாம் சோதித்து, அரசாங்க அனுமதி பெற்ற பின்னரே அது வயலுக்கு வந்தது.

2010 அக்டோபரில் தமிழ்நாட்டில் குளவிகள் விடப்பட்டன. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கும் பொறுப்பை ஏற்றது. பெருக்கும் முறையும் எளிமையானதே. முளைவிட்ட உருளைக்கிழங்கின்மேல் முதலில் மாவுப்பூச்சியை வளர்ப்பார்கள். அது போதிய அளவு பெருகியதும் குளவிகளை உள்ளே விடுவார்கள். சில நாட்களில் புதிய குளவிகள் வெளிவரும். அவற்றைச் சிறு குப்பிகளில் அடைத்துக் குடியானவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத அந்த உயிரைக் கண்டு, இதுவா நம் தோட்டத்தைக் காக்கப்போகிறது என்று நினைத்தவர்கள் இருந்திருப்பர்.

வந்த மூன்று வகைகளில் முன்னணியில் நின்றது 'அசிரோபேகஸ் பப்பாயே' என்ற குளவி. அதன் பெண், மாவுப்பூச்சியின் இளங்குஞ்சைத் தேடிப்பிடித்து உடலுக்குள் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு உள்ளேயே தின்று வளர, மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பு நிறமாகிக் கூடாகிவிடுகிறது. அக்கூட்டில் வட்டமாகத் துளையிட்டுப் புதிய குளவி பறந்து செல்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இதெல்லாம் முடிந்துவிடும். மாவுப்பூச்சிக்கு ஒரு தலைமுறை செல்வதற்குள் குளவிக்கு ஏறத்தாழ இரண்டு தலைமுறைகள். முன்னே கண்ட பெருக்கக் கணக்கு இங்கே தலைகீழாகத் திரும்புகிறது. மேலும், தெளிப்பான் எட்டாத உச்சிக் கிளைக்கும், வேலிக்கு அப்பாலுள்ள பார்த்தீனியத்துக்கும் குளவி தானே பறந்து செல்கிறது. ஒருவருக்கும் அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

விடப்பட்ட இடங்களில் சில மாதங்களிலேயே மாற்றம் தெரிந்தது. 2011-க்குள் நோயுற்ற தோட்டங்கள் தளிர்விடத் தொடங்கின. பிடுங்கப்படாமல் நின்ற மல்பெரி மீண்டும் இலை கொடுத்தது. இம்முயற்சியால் ஐந்தாண்டுகளில் இந்திய விவசாயத்துக்கும் நுகர்வோருக்கும் கிடைத்த நன்மை 52 கோடி டாலருக்கும் 134 கோடி டாலருக்கும் இடைப்பட்டது என்று 2014-இல் வெளிவந்த ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிட்டது. மதிப்பீடுகள் எப்போதும் மதிப்பீடுகளே. அதில் பாதியைத் தள்ளிவிட்டாலும், குப்பிக்கும் உருளைக்கிழங்குக்கும் ஆன செலவு அதன் முன் ஒரு தூசு.

மாவுப்பூச்சி முற்றிலும் ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. ஒழியவும் கூடாது என்பதே இம்முறையின் அடிப்படை. பூச்சி அடியோடு அழிந்தால் குளவியும் பட்டினியால் அழியும். இன்றும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூச்சி இருக்கிறது. கூடவே குளவியும் இருக்கிறது. நிலைத்த வளர்ச்சி என்று இப்போது எங்கும் பேசப்படுகிறதே, அதன் பொருளை வயலில் காண விரும்புபவர் இதைக் காணலாம். ஒருமுறை செய்த செலவு. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் பலன்.

பாட்டனார் காலத்துக் கதை

இம்முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. சப்பாத்திக்கள்ளி ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் புறம்போக்கையும் மேய்ச்சல் நிலத்தையும் மூடிக் கிடந்தது. 1795-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சிவப்புச் சாயம் எடுப்பதற்கென்று பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து கள்ளியில் வளர்க்க முயன்றனர். அவர்கள் விரும்பிய சாயப்பூச்சி அதுவன்று, இனம் தவறிவிட்டது. நல்ல சாயம் கிடைக்கவில்லை. ஆனால் அப்பூச்சி ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. மற்றொரு வகைக் கள்ளியை அது தொடவில்லை. அவ்வகைக்குரிய வேறோர் இனப் பூச்சியை 1926-இல் இலங்கையிலிருந்து தருவித்து விட்ட பின்னரே அக்கள்ளியும் அடங்கியது. முதலாவது தற்செயல்; இரண்டாவது ஆராய்ச்சி. இவற்றுக்கிடையே சென்றது நூற்று முப்பத்தோராண்டு. கள்ளிப்பழம் தின்று நாக்குச் சிவந்த முதியோர் சிலர் அதற்காக வருந்தியும் இருக்கலாம்.

பஞ்சாயத்தின் பங்கு

இவ்வாராய்ச்சியில் ஒரு விசித்திரம் உண்டு. இதில் விற்பதற்கு ஒன்றுமில்லை. மருந்தை விற்க ஊர்தோறும் கடை உண்டு, விளம்பரப் பலகை உண்டு, கடன் கொடுக்கும் வியாபாரியும் உண்டு. தானே பெருகித் தானே பரவும் குளவியை யார் கடைவைத்து விற்பார்? ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். ஆகவே இதைப்பற்றி எடுத்துச்சொல்ல வியாபாரி வரமாட்டார். அந்தப் பணி பல்கலைக்கழகத்துக்கும் பஞ்சாயத்துக்குமே உரியது.

மேலும், மருந்தைத் தனியொருவர் தம் தோட்டத்துக்கு மட்டும் அடிக்கலாம். குளவியை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. அது வேலி பாராது. ஒருவர் குளவியை விட்டுக் காத்திருக்க, அடுத்த தோட்டக்காரர் கடும் விஷமருந்தை அடித்தால் இருவருக்கும் நஷ்டம். ஏரிநீரைப் பங்கிடுவதைப் போலவே இதுவும் ஊர்கூடித் தீர்மானிக்க வேண்டிய காரியம். குளவி விடப்பட்ட பின் சில வாரங்களுக்கு அப்பகுதியில் எவரும் பூச்சிமருந்து அடிப்பதில்லை என்று கிராம சபை ஒரு தீர்மானம் செய்துகொள்ளலாம். மாவுப்பூச்சி மிகுவது வறண்ட கோடையில். ஆதலால் மே 1-ஆம் நாள் கூடும் கிராம சபை இதற்கு ஏற்ற சமயம். அந்தச் சில வாரங்கள் பொறுத்திருப்பதுதான் கடினம். கண்முன்னே தோட்டம் வெளுத்துக் கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டிருக்கும்படி ஒருவரிடம் சொல்வது எளிதன்று. உப்பிப் பழுப்பாகித் துளைவிழுந்த கூடுகளைக் கையில் எடுத்துக் காட்டுவதே அப்போது சிறந்த பேச்சு.

பொதுவழியோரத்திலும் பள்ளி வளாகத்திலும் பார்த்தீனியத்தைப் பூக்குமுன் அகற்றுவது பஞ்சாயத்து செய்யக்கூடிய மற்றொரு காரியம். மாவுப்பூச்சிகளுக்கு நடுவே பெரிதாகவும், சுறுசுறுப்பாக ஊர்ந்து செல்வதாகவும், வெள்ளை மெழுகிழைகளுடன் ஒரு புழு காணப்பட்டால், அதை நசுக்க வேண்டாம். அது முன்னே சொன்ன ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியின் வேடத்தில் இருந்துகொண்டு மாவுப்பூச்சியையே தின்பது. நல்லவனைக் கள்ளனென்று அடித்துவிடும் பிழை இதில் அடிக்கடி நேர்கிறது.

மரவள்ளிக்கு வந்த புதிய பகை

ஆப்பிரிக்காவில் பஞ்சம் விளைத்த அதே மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. பிறகு தமிழ்நாட்டு மரவள்ளி வயல்களுக்கும் வந்தது. குச்சிக்கிழங்கை நம்பி வாழும் சேலம், நாமக்கல் பகுதிக் குடியானவர்களுக்கும், அதனை அரைக்கும் ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளருக்கும் இது சிறிய செய்தியன்று. தாக்குண்ட செடியின் நுனி இலைகள் சுருண்டு கொத்தாகிவிடும், கணுக்கள் நெருங்கிச் செடி வளர்ச்சி குன்றும், கிழங்கு சிறுக்கும்.

பப்பாளிப் பூச்சியை அடக்கிய குளவி இங்கேயும் உதவும் என்று எண்ணிச் சிலர் காத்திருந்திருக்கலாம். அது உதவாது. பூச்சி வேறு, அதற்குரிய பகைவனும் வேறு. மரவள்ளியில் இரண்டு வகைப் பூச்சிகளும் இருக்கக்கூடுமாதலால், பிரித்தறிவது வயலிலேயே முதல் வேலையாகிறது. வெள்ளை மாவை மெல்லத் துடைத்துவிட்டுப் பார்த்தால், பப்பாளி மாவுப்பூச்சியின் உடல் மஞ்சளாக இருக்கும். புதிய பூச்சியின் உடல் இளஞ்சிவப்பாக இருக்கும். புதிய பூச்சியில் ஆண் தேவைப்படுவதே இல்லை. எல்லாம் பெண், எல்லாம் முட்டையிடும். தப்பிய ஒரே குஞ்சு ஒரு வயலை நிரப்பிவிட வல்லது.

இம்முறை நம்மவர் தேடி அலையவில்லை. நாற்பதாண்டுகளுக்கு முன் பராகுவேயில் எடுத்த குளவியின் வழித்தோன்றல்கள் ஆப்பிரிக்காவில் இருந்தன. 2021-இல் பெனின் நாட்டிலிருந்து 'அனகைரஸ் லோபெசி' பெங்களூருக்கு வந்தது. சோதனைகள் முடிந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது முதன்முதலாக வயலில் விடப்பட்டது. பூச்சி கண்டறியப்பட்டதற்கும் பகைவன் வயலில் இறங்கியதற்கும் இடையே சென்றது இரண்டாண்டு. ஆப்பிரிக்காவில் அதற்கு எட்டாண்டு ஆயிற்று என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதில் நம் குடியானவர் செய்ய வேண்டியது, பூச்சியுள்ள வயலிலிருந்து விதைக்குச்சி எடுக்காமலும், பிற ஊருக்குக் கொடுக்காமலும் இருப்பதே. குளவி மைல்கணக்கில் பறந்துதான் பரவ வேண்டும். பூச்சியோ ஒரு லாரி விதைக்குச்சியில் ஒரே இரவில் மாவட்டம் கடந்துவிடும். குச்சி வாங்கும் வழக்கத்தை மாற்றாமல் குளவியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

தென்னை விவசாயிகளுக்கும் ஒரு சொல். 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் தோன்றிய சுருள் வெள்ளை ஈக்கும் ஒரு பகைக்குளவி உண்டு. 'என்கார்சியா குவாடலூப்பே' என்ற அது, எவரும் கொண்டுவந்து விடாமலே தோப்புகளில் காணப்பட்டது. ஆகவே ஆராய்ச்சியாளர் கூறிய முதல் யோசனை, விஷமருந்து அடிக்க வேண்டாம் என்பதே. கருமை படிந்த மட்டைகளின்மேல் தண்ணீரைப் பீய்ச்சியடிப்பது, விளக்கின்கீழ் மஞ்சள் நிற ஒட்டுப்பொறி வைப்பது, குளவி ஏறிய ஓலைத் துண்டுகளை வெட்டி எடுத்துக் குளவியில்லாத தோப்பில் கட்டுவது ஆகியன அவர்கள் கூறிய மற்ற வழிகள். ஓலைத் துண்டு கட்டும் வேலைக்குப் பணம் வேண்டாம்; பக்கத்துத் தோப்புக்காரரின் சம்மதம் வேண்டும்.

இனிமேல் தோட்டத்தில் இதுவரை காணாத பூச்சி தென்பட்டால், மருந்துக் கடைக்குப் போகுமுன், பூச்சியுள்ள இலை ஒன்றைக் காகிதப் பையில் இட்டு, பயிரின் பெயர், ஊர், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதி, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண்மை அலுவலரிடமோ சேர்ப்பிக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் இட்டால் இலை புழுங்கி அழுகிவிடும். அழுகியதைக் கொண்டு இனமறிய இயலாது.